படகு இஞ்சினுக்கு எத்தனை டிகிரி தெர்மோஸ்டாட்?

கேள்வி: ஐயா, நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டிய விசைப்படகு போன வருடம் என் பொறுப்புக்கு வந்தது. ஆறு சிலிண்டர் டீசல், லாரி இஞ்சினைக் கடலுக்கு மாற்றியது. இஞ்சின் தண்ணீரைக் கடல் தண்ணீரால் ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மட்டும் மெக்கானிக் எப்போதோ கழற்றிவிட்டார். "நம்ம கடலே சூடு, அது எதுக்கு?" என்கிறார். தொழிலுக்குப் போகும்போது மீட்டர் 55ஐத் தாண்டுவதில்லை. மடி (இழுவலை) இழுக்கும்போது மட்டும் 92 வரை ஏறுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெகுநேரம் வெள்ளைப் புகை. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெளிறிய பசை படிகிறது. கடையில் கேட்டால் 71, 76, 82, 88 என்று நாலு விதம் காட்டுகிறார்கள். வீடியோ பார்த்த மச்சான், படகு என்றால் 60தான் என்று அடித்துச் சொல்கிறான். எதைப் போடுவது? சித்தப்பாவின் ஃபைபர் படகில் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு இஞ்சினுக்கும் இதே கணக்கா?

பதில்: தம்பி, முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இஞ்சினுக்கு 60 வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டுவதும் வேண்டாம். இஞ்சின் கம்பெனியின் கடல் மாடல் புத்தகத்தில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் உங்கள் எண். இந்த வகை டீசலுக்குப் பெரும்பாலும் அது 71க்கும் 82க்கும் இடையில் இருக்கும். புத்தகம் கையில் இல்லையென்றால் இஞ்சின் தகட்டில் உள்ள மாடல், சீரியல் நம்பரைக் கொடுத்து டீலரிடம் பார்ட் நம்பர் வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் என் கை 82ஐத்தான் எடுக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இஞ்சினுக்கு மேலே இருக்கும் தண்ணீர் டேங்கில் நீங்கள் என்ன ஊற்றுகிறீர்கள்? அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் எல்லாமே.

ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். மச்சான் சொன்ன 60 பொய்யில்லை. அது வேறு வகை இஞ்சினுக்கான எண். கடல் தண்ணீரை இழுத்து, அதையே நேராக சிலிண்டர் பிளாக்குக்குள் சுற்றவிட்டு, வெளியே தள்ளும் இஞ்சின்கள் இருக்கின்றன. அமெரிக்கப் பெட்ரோல் படகுகளில் இது சகஜம். அங்கே 140 முதல் 143 ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் போடுவார்கள். நம் கணக்கில் 60, 62 டிகிரி. மச்சான் பார்த்த வீடியோ அந்த வகைப் படகாகத்தான் இருக்கும். அதே அமெரிக்கப் படகில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்துவிட்டால் 160 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 71 டிகிரிக்கோ அதற்கும் மேலேயோ போய்விடுவார்கள். யான்மார் கம்பெனியின் ஜிஎம் வரிசைச் சின்ன டீசல்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். கடல் தண்ணீர் நேராகப் போகும் மாடலில் தெர்மோஸ்டாட் 42 டிகிரியில் திறக்க ஆரம்பித்து 52ல் முழுக்கத் திறக்கும். அதே இஞ்சினின் நல்ல தண்ணீர் மாடலில் 71ல்தான் திறக்கவே ஆரம்பிக்கும். இரும்பும் பிஸ்டனும் ஒன்றுதான், உள்ளே போகும் தண்ணீர்தான் வேறு. எண்ணை முடிவு செய்வது அந்தத் தண்ணீர்.

கடல் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு குறைவாக வைக்கிறார்கள்? சூட்டில் உப்பு படியும் என்று துறைமுகத்தில் எல்லோரும் சொல்வார்கள். நாம் சோற்றில் போடும் உப்பு அப்படி லேசில் படியாது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் எல்லா உப்பும் சேர்ந்து சுமார் 35 கிராம்தான். அதைப் போல ஒன்பது பத்து மடங்கு சாப்பாட்டு உப்பைத் தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்ளும். படிவது சுண்ணாம்புச் சரக்கு, அதாவது கால்சியம் கார்பனேட்டும் அதன் கூட்டாளிகளும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுதான். சர்க்கரை சூடேற ஏற நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு, சூடேறினால் கரையாமல் பிரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். மீட்டர் 60 காட்டும்போது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒட்டிய இரும்பு அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும், படிவதும் அங்கேதான். படிந்த ஓடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் அந்த இடம் இன்னும் சூடாகும், இன்னும் படியும். கடைசியில் ஹெட் வெடிக்கும். இதைத் தவிர்க்கத்தான் 60க்குள் நிறுத்துகிறார்கள். டீசலுக்கு அந்தக் குளிர்ச்சி பிடித்திருக்கிறது என்பதனால் அல்ல, வேறு வழியில்லை என்பதால்.

சித்தப்பாவின் அவுட்போர்டும் இந்தக் கூட்டம்தான். கடல் தண்ணீர் நேராக உள்ளே போகிறது. அவுட்போர்டு தெர்மோஸ்டாட்கள் ஏறக்குறைய 50லிருந்து 60 டிகிரி வரை இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அதன் பார்ட் நம்பரைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விசைப்படகுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று அதில் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு உள்ளே அலசச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் இறுகிப்போவது பெரும்பாலும் அலசாத அவுட்போர்டில்தான்.

சரி, உங்கள் இஞ்சினுக்கு வருவோம். உங்களிடம் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று, பிளாக்குக்குள்ளேயே சுற்றும் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும். இன்னொன்று, ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களுக்குள் ஓடி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும் கடல் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே பிளாக்கை 82ல் வைத்தாலும் சுண்ணாம்பு பயம் இல்லை. வைக்காவிட்டால்தான் நஷ்டம்.

என்ன நஷ்டம் என்பதை அந்த ஆயில் மூடியிலேயே பார்த்துவிட்டீர்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கீழே ஆயில் தேங்கும் சம்புக்கு இறங்கும். இஞ்சின் நல்ல சூட்டில் இருந்தால் அது ஆவியாகவே பிரீதர் என்ற காற்றுத் துவாரம் வழியாக வெளியேறும். 55 டிகிரியில் ஓடும் இஞ்சினில் அது குளிர்ந்து தண்ணீராகி ஆயிலோடு கலக்கிறது. மூடியின் உள்பக்கம்தான் இருப்பதில் குளிர்ந்த இடம். அதனால் பசை முதலில் அங்கே தெரிகிறது. பிஸ்டன் ஓடும் லைனர் சுவரிலும் இதே கதை. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரிக்கும். 2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) என்பதால் அந்த அரிப்பு முன்புபோல் இல்லை. ஆனால் சரியாக எரியாத டீசல் லைனரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போவது அப்படியேதான் இருக்கிறது. உங்கள் வெள்ளைப் புகை அந்த எரியாத டீசல். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால் ஆயில் மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. மூடியில் மட்டும் பசை இருந்து, டிப்ஸ்டிக்கில் வரும் ஆயில் கறுப்பாகச் சுத்தமாக இருந்தால், நான் சொன்ன குளிர்ச்சிதான் காரணம். டிப்ஸ்டிக்கிலும் வெளிறி வந்தால், அல்லது டேங்கில் தண்ணீர் அளவு சொல்லாமல் கொள்ளாமல் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோ சந்தேகப்பட வேண்டும். அப்படியிருந்தால் தெர்மோஸ்டாட் வாங்குவதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள். அந்த ஆயிலோடு கடலுக்குப் போகாதீர்கள்.

அடுத்து, மெக்கானிக் சொன்ன "நம்ம கடலே சூடு" என்ற வாதம். கடல் சூடு என்பது உண்மை. வங்காள விரிகுடாவில் நம் பக்கம் வருடத்தின் பெரும்பகுதி 27 முதல் 30 டிகிரிக்கு மேல் வரை இருக்கிறது. ஆனால் அதற்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் அவர் போடும் முடிச்சு தவறு. தெர்மோஸ்டாட் காப்பது கீழ் எல்லையை மட்டும்தான். 82 என்றால் அதற்குக் கீழே இறங்கவிடாது. முழுக்கத் திறந்த பிறகு அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் சூடு எங்கே போய் நிற்கும் என்பது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் திறன், கடல் தண்ணீர் எவ்வளவு வருகிறது, கடலின் சூடு, இஞ்சினின் லோடு ஆகியவற்றின் கையில் இருக்கிறது.

உங்கள் எண்களையே வைத்துப் பாருங்கள். மடி இழுக்கும்போது 92. கடல் 30 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 62 டிகிரி. அந்த லோடில் உங்கள் எக்ஸ்சேஞ்சருக்கு அவ்வளவு வித்தியாசம் இருந்தால்தான் சூட்டை வெளியே தள்ள முடிகிறது. அங்கே 60 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாலும் அதேதான் காட்டும். அது 60லேயே திறந்துகொண்டு, 92ஐ வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். குறைந்த எண் போட்டால் மடி இழுக்கும்போது சூடு குறையும் என்று நம்பிப் பணம் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்தைத் தாண்டும்வரை மீட்டர் அழகாக இருக்கும், லோடு ஏறியதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். கடல் சூடாக இருந்தால் அதற்குப் பெரிய எக்ஸ்சேஞ்சரும் நல்ல பம்பும் வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதால் கடல் குளிராது.

கழற்றினால் சூடு இன்னும் கூடவும் வாய்ப்பிருக்கிறது. இதை மெக்கானிக்கிடம் தயவுசெய்து சொல்லுங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி பம்புக்கு வருவதற்கு ஒரு பைபாஸ் இருக்கும். பல டீசல்களில் தெர்மோஸ்டாட் மேலே திறக்கும்போதே அதன் அடித்தட்டு கீழே இறங்கி அந்த பைபாஸை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் அதை அடைக்க ஆளில்லை. சூடான தண்ணீரில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சரைத் தொடாமலே பிளாக்குக்குத் திரும்பிவிடுகிறது. சும்மா ஓடும்போது 55, லோடில் 92 என்று நீங்கள் சொல்லும் இந்த இரண்டு பக்கக் கோளாறுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பழைய தெர்மோஸ்டாட் எங்கேயாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே காசு அளவில் ஒரு தட்டு இருந்தால் இந்த வகைதான். புதியது வாங்கும்போதும் அந்தத் தட்டு உள்ளதாகத்தான் வாங்க வேண்டும். விட்டமும் உயரமும் எண்ணும் பொருந்தி, தட்டு இல்லாத மலிவான சரக்கும் கடையில் இருக்கும்.

இனி நாலு எண்களில் எது என்ற கேள்வி. தெர்மோஸ்டாட்டில் அடித்திருக்கும் எண், அது திறக்க ஆரம்பிக்கும் சூடு. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளும். முழுக்கத் திறக்க அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆகும். 82 என்றால் சுமாராக 95ல் முழுத் திறப்பு. ஓடும்போது பாதி திறந்த நிலையில் 84, 86 என்று நிற்கும். 88 போட்டால் முழுத் திறப்பு 100ஐத் தொடும். சாலையில் ஓடும் லாரிக்கு அது சரி. ஏற்றத்தில் கொஞ்ச நேரம் திணறினாலும் இறக்கத்தில் ஆறிவிடும். மடி இழுக்கும் படகுக்கு இறக்கம் கிடையாது. மணிக்கணக்கில் ஒரே லோடு. அதனால் 88 வேண்டாம். அதே லாரி இஞ்சினைக் கடலுக்கு மாற்றும் கம்பெனிகள் சில சமயம் எண்ணைக் கொஞ்சம் குறைத்துத் தருவதும் இதற்காகத்தான். புத்தகம் 76 என்றாலோ 71 என்றாலோ தயங்காமல் அதையே போடுங்கள். அதுவும் நல்ல சூடுதான்.

82க்கு நான் வைத்த நிபந்தனை இதுதான். டேங்கில் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் மட்டுமே போக வேண்டும். நாலைந்து நாள் கடலில் தங்கும் படகில் தண்ணீர் குறைந்தால் பக்கத்தில் இருப்பதை மொண்டு ஊற்றும் பழக்கம் இருக்கிறது. ஒருமுறை கடல் தண்ணீர் ஊற்றினாலும் மேலே சொன்ன சுண்ணாம்பும் துருவும் பிளாக்குக்குள் வந்துவிடும், 82ல் இன்னும் வேகமாக. போர் தண்ணீரும் நல்லதல்ல. கேன் தண்ணீர் இரண்டைத் தனியாக, வேறு எதற்கும் தொடாமல், இஞ்சின் ரூமில் கட்டி வையுங்கள். இதுவரை கடல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், முழுக்க வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, கூலன்ட் கம்பெனி சொல்லும் விகிதத்தில் கலந்து நிரப்புங்கள். டேங்கின் பிரஷர் மூடியையும் பாருங்கள். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வாஷர் வெடித்த மூடியென்றால் 100லேயே கொதித்து வெளியே கொட்டும். அப்போது குற்றம் தெர்மோஸ்டாட் மேல் விழும். மூடியின் விலை அதைவிடக் குறைவு, புதிதாகவே போடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை வாங்கியதும் அப்படியே பொருத்தாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிடுங்கள். 110 வரை காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றையும் அதேபோல் தொங்கவிடுங்கள். வால்வின் வாயில் ஒரு மெல்லிய நூலைக் கொடுத்து மூடவிட்டு, அந்த நூலிலேயே தொங்கவிட்டால் இன்னும் நல்லது. திறக்கும் நொடியில் தெர்மோஸ்டாட் நூலிலிருந்து நழுவி விழும், அப்போது காட்டும் எண்ணைப் படித்துக்கொள்ளலாம். அடுப்பைச் சிறுதீயில் வைத்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். அடித்த எண்ணுக்கு இரண்டு டிகிரி இப்படி அப்படி திறந்தால் நல்ல சரக்கு. கொதிக்கும் வரை பார்த்தும் திறக்காவிட்டால், அல்லது ஆறிய பிறகு மூடாவிட்டால், கடையில் திருப்பிக் கொடுங்கள்.

பொருத்தும்போது மெழுகுக் குப்பி இஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். விளிம்பில் ஒரு சின்னத் துளையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அதுதான். கீழே வைத்துவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு, தண்ணீரே இல்லாத இடத்தில் மெழுகு காத்துக்கிடக்கும், இஞ்சின் கொதித்துவிடும். இரண்டு தெர்மோஸ்டாட் உள்ள ஹவுசிங் என்றால் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு எக்ஸ்சேஞ்சரைச் சுத்தம் செய்தாக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 92க்கு உண்மையான மருந்து இங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்க மூடியைக் கழற்றிக் குழாய்களுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிப்பி, பிளாஸ்டிக் துணுக்கு, கடல் தண்ணீர் பம்பிலிருந்து உடைந்து வந்த ரப்பர் இம்பெல்லர் இறக்கை எல்லாம் அங்கேதான் போய்ச் சிக்கும். இம்பெல்லரில் ஒரு இறக்கை காணோம் என்றால், அது கிடைக்கும்வரை தேட வேண்டும். குழாய் உள்ளளவுக்குச் சரியான கம்பியால், முனையை மழுக்கிக்கொண்டு, மெதுவாகத் தள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சருக்குப் பதிலாகத் தான் கரைந்துகொடுக்கும் ஜிங்க் பென்சில் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் கடல் தண்ணீர் எக்ஸ்சேஞ்சரையே தின்னும், ஓட்டை விழுந்தால் கடல் தண்ணீர் பிளாக்குக்குள் போகும் வழியும் திறந்துவிடும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் செய்துகொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். கரையில் இரண்டு நாள் கிடைத்தாலே முடித்துவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், பழைய சென்சார் பல டிகிரி பொய் சொல்லும். கையில் பிடித்துக் காட்டும் டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்கி, தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் காசு அளவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, அந்த இடத்தில் காட்டுங்கள். பளபளப்பான உலோகத்தில் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். துறைமுகத்தில் சும்மா ஓடும்போது, வெளியே ஓடும்போது, மடி இழுக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து என மூன்று வேளையும் எழுதி வையுங்கள். 82 தெர்மோஸ்டாட்டோடு வெளியே ஓடும்போது 85ஐ ஒட்டியும், மடி இழுக்கும்போது 90க்குள்ளும் நின்றால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். மடி இழுக்கும்போது 95ஐ நோக்கிப் போனால் வேகத்தைக் குறைத்துவிட்டு, கடல் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரையும் இம்பெல்லரையும் பாருங்கள். அப்போதும் தெர்மோஸ்டாட்டில் கை வைக்க வேண்டாம்.

வெள்ளைப் புகை முதல் வாரத்திலேயே குறைந்துவிட வேண்டும். குறையாவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த தண்ணீரையும் டீசலையும் வைத்துக்கொண்டு புதுச் சூட்டில் ஓட்டக் கூடாது. மாற்றிய பிறகும் அந்த மூடியில் பசை படிகிறதா என்று கொஞ்ச நாள் பாருங்கள். படிந்தால் மூன்று வேளைச் சூட்டையும் எழுதி எனக்கு மறுபடி அனுப்புங்கள். இன்னொரு தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கட்டும் வாங்கி, எண்ணெய் படாத பையில் போட்டு, படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.